பவுன் தெருப் பிள்ளையார்

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், 7-ஆம் எண் ரயிலின் கடைசி நிலையம் ஃப்ளஷிங். படியேறி மெயின் தெருவுக்கு வந்தால் கடைப் பலகைகளில் சீன எழுத்துகளும் கொரிய எழுத்துகளும்தான் கண்ணில் படும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பவுன் தெரு. மகா வல்லப கணபதி கோயில் கொண்டிருப்பது அங்கேதான். கோயில் கீழ்த்தளத்து உணவகத்தில் தோசைக்குக் காத்திருப்பவர்களில் இந்தியர் அல்லாதவர்களும் உண்டு.

இத்தனை மக்களும் ஒரே ஊரில் எப்படி வந்து சேர்ந்தார்கள்? 1965 குடியேற்றச் சட்டம் என்பார்கள். உண்மைதான், தைவான்காரர்களும் கொரியர்களும் இந்தியர்களும் பெருமளவில் வந்தது அதற்குப் பிறகே. ஆனால் இந்த ஊரின் கதையை 1657-லிருந்து சொல்வதுதான் நியாயம்.

அப்போது இது டச்சுக்காரர்களின் ஆட்சிப் பகுதி. குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயர். ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட்டுக்குக் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைக் கண்டாலே ஆகாது. அவர்களுக்கு வீட்டில் இடம் கொடுப்பவர்களுக்கும் அபராதம் என்று ஆணையிட்டார். அந்த ஆணைக்குக் கட்டுப்பட முடியாது என்று டிசம்பர் 27 அன்று 30 பேர் ஒரு மனுவில் கையொப்பமிட்டார்கள். எழுதத் தெரியாத சிலர் பெயருக்குப் பதில் குறி போட்டார்கள். யூதரானாலும் துருக்கியரானாலும் அவர்களும் ஆதாமின் மக்களே என்றது அந்த மனு. இதில் என்னை மலைக்க வைப்பது ஒன்று உண்டு: அந்த 30 பேரில் ஒருவர்கூடக் குவேக்கர் இல்லை. அடுத்தவர் வழிபாட்டுக்காகத் தங்கள் தலையைக் கொடுக்க முன்வந்த சாமானியர்கள் அவர்கள். மனுவை எழுதிய ஊர் எழுத்தர் எட்வர்ட் ஹார்ட் சிறைக்குப் போனார். மிரட்டலுக்குப் பணிந்து பின்வாங்கியவர்களும் உண்டு.

ஆனாலும் நெருப்பு அணையவில்லை. 1662-ல் ஜான் பவுன் என்பவர் தன் வீட்டில் குவேக்கர்கள் கூட இடம் கொடுத்தார். கைது செய்தார்கள், அபராதம் கட்ட மறுத்தார், நாடு கடத்தினார்கள். அவர் ஆம்ஸ்டர்டாம் போய், ஸ்டைவசன்ட்டுக்கு மேலிடமான டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடமே முறையிட்டார். யாருடைய மனசாட்சியையும் வற்புறுத்தாதே என்று 1663-ல் கம்பெனி ஸ்டைவசன்ட்டுக்கு எழுதியது.

அதற்காக ஃப்ளஷிங்கைப் புண்ணிய பூமி என்று சொல்லிவிட முடியாது. கறுப்பினத்தவரும் பூர்வகுடிகளும் புதைக்கப்பட்ட இடுகாட்டின் மேலேயே 1930-களில் மாநகராட்சி விளையாட்டுத் திடல் அமைத்தது. அங்கே உறங்குபவர்களின் சந்ததியினரும் ஊராரும் பல ஆண்டுகள் போராடித்தான் அந்த இடத்துக்கு உரிய மரியாதையை மீட்டார்கள்.

இனி கோயிலுக்கு வருவோம். ஐ.நா. சபையில் பணியாற்றிய தமிழர் அழகப்ப அழகப்பன், நண்பர்களோடு சேர்ந்து 1970-ல் கோயில் சங்கத்தைப் பதிவு செய்தார். முன்பு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருந்த இடத்தை வாங்கினார்கள். 1977 ஜூலை 4 அன்று, அமெரிக்க சுதந்திர தினத்தில், கும்பாபிஷேகம் நடந்தது. கோயில் நிற்கும் தெரு, அந்த ஜான் பவுனின் குடும்பப் பெயரைத் தாங்கியது. 1661 வாக்கில் அவர் கட்டிய மரவீடும் அதே தெருவில் இன்றும் இருக்கிறது. பிள்ளையாரைக் கும்பிடப் போகிறவர்கள் அந்த வீட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.