சுப்பிரமணியன், கே. ஜி. (1924–2016)

கண்ணாடியின் பின்புறம் சித்திரம் தீட்டும் பழங்கலைக்கு நவீன இந்திய ஓவியத்தில் கௌரவமான இடம் தேடித் தந்த கலைஞர். வடகேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ் அந்தணக் குடும்பமொன்றில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்ற இவர், 1942இல் தேச விடுதலைப் போரில் சிறை சென்றபின், சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பேஜ் ஆகியோரை ஆசான்களாகப் பெற்றார். பிற்காலத்தில் பரோடாவிலும் சாந்திநிகேதனத்திலும் ஆசிரியப் பணியாற்றினார்.

சீன வர்த்தகத்தின் வழியே வந்து, தஞ்சையிலும் மைசூரிலும் பூஜை அறைகளை அலங்கரித்த கண்ணாடிப் படங்களைக் கடைத்தெருச் சரக்கென்று கற்றவர் ஒதுக்கியிருந்த காலத்தில், 1970களின் இறுதியில் இவர் அம்முறையை விரும்பிக் கைக்கொண்டார். குற்றாலம் சென்று சித்திர சபையின் சுவரோவியங்களைக் கண்டு களித்தவர், சுவரில் பின்புலம் முந்தியும் விழியின் கருங்கோடு பிந்தியும் வருவதே இயல்பென எண்ணுவர். கண்ணாடியிலோ விழியும் நகையும் முதலில் எழுதப்பெற்று, மேனியின் வர்ணம் அவற்றின்மேல் பூசப்பெற்று, பின்புலம் கடைசியில் வந்து சேர்வதால், ஒருமுறை இட்ட கோட்டைப் பின்னர் திருத்த வழியில்லை. அந்த நிர்ப்பந்தமே இவருடைய தூரிகைக்குத் துணிவளித்தது என்று கருதலாம். காளிகட்டப் படங்களின் விரைந்த கோடும், துர்க்கை, அனுமன் போன்ற புராண உருவங்களும், வீட்டுப் பெண்டிரும் பூனையும் ஒரே சட்டத்துள் உறவாடும் இவருடைய படைப்புகளில் பக்தியும் பரிகாசமும் பகைமையின்றிக் கலந்திருக்கின்றன. 2012இல் பத்மவிபூஷண் விருது பெற்ற இவர், 2016 ஜூன் 29 அன்று வதோதராவில் காலமானார்.