குடலிறக்கம்: பெயரும் பரிகாரமும்

அடிவயிறும் தொடையும் சேருமிடத்தில் எழும் வீக்கத்தைச் சிங்கப்பூரில் நம் முதியோர் சிலர் அண்டவாயு என்பர். விரையில் நீர் கோத்தாலும் அப்பெயரே வழங்கியமையால் இருவேறு நோய்கள் ஒன்றாக மயங்கின. குடலிறக்கம் என்னும் சொல்லோ உண்மையை உள்ளபடி உரைக்கிறது. குற்றம் விரையிலுமன்று, வாயுவிலுமன்று. வயிற்றுச் சுவர் தளர்ந்த இடத்தில் குடல் இறங்குகிறது.

சுசுருத சங்கிதை இதனை அந்திரவிருத்தி எனத் தனியே பிரித்துக் கூறுகிறது. பாரம் சுமத்தல், தம்மினும் வலியாரோடு பொருதல், மரத்தினின்று வீழ்தல் ஆகியன அதற்குக் காரணமாம். குடல் விரைப்பையை எட்டுமுன் கவட்டில் சூடிடலாம்; எட்டிவிட்டால் தீராது என்பது அந்நூலின் முடிவு.

பின்னரும் நெடுங்காலம், கச்சை கட்டித் தாங்குவதே பலர்க்கு வழியாயிற்று. 1887இல் இத்தாலிய மருத்துவர் பஸ்ஸீனி, குடலை உள்ளே தள்ளித் தளர்ந்த சுவரையே தைத்து வலுவாக்கும் முறையை அறிவித்தார். இழுத்துத் தைத்த இடம் சிலர்க்கு மீண்டும் நெகிழ்ந்தது. ஆகவே 1980களில் அமெரிக்க மருத்துவர் லிக்டென்ஸ்டைன், இழுக்காமல் வலைத்துண்டு வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார்.

இன்று பொங்கோல்வாசிகளுக்கு, 2018இல் திறக்கப்பெற்ற செங்காங் பொது மருத்துவமனை அருகிலேயே உள்ளது. ஆயினும் நாணத்தால் நோயை மறைப்போர் உளர். வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் தோன்றினால், இரத்தவோட்டம் தடைப்பட்டுக் குடல் அழுகக்கூடும். உடனே மருத்துவமனை செல்லவேண்டும். பழுது வயிற்றுச் சுவரில், அதற்கு நாணுவானேன்?