ஆணி யாரைத் தைத்தது?

இயற்கையைக் காக்கும் போராட்டத்திலே தீவிர வழிகள் நன்மை பயப்பனவா, தீமை பயப்பனவா? இவ்வினாவுக்கு அமெரிக்காவின் வட கலிபோர்ணியக் காடுகளின் வரலாறு தெளிவான விடையொன்றைத் தருகின்றது.

அங்கே ஆயிரமாண்டு கண்ட றெட்வூட் மரங்கள் நின்றன. 1986ஆம் ஆண்டளவில் ‘பசிபிக் லம்பர்’ என்னும் பழைய மர நிறுவனத்தை ‘மக்ஸாம்’ நிறுவனம் கடன்பட்டுக் கைப்பற்றியது. அக்கடனைத் தீர்க்க மரம் வீழ்த்தும் வேகத்தை இரட்டிப்பாக்கியது. மேற்கு அமெரிக்கக் காடுகளைக் காக்க எழுந்த ‘ஏர்த் பேர்ஸ்ட்’ இயக்கத்தினர் சிலர் மரங்களில் ஆணி அறையும் உபாயத்தை ஏற்கெனவே பரப்பியிருந்தனர். ஆணி ஏறிய மரத்தை அறுத்தால் வாள் கெடும். நட்டத்துக்கு அஞ்சி முதலாளி காட்டைத் தொடான் என்பது அவர்தம் கணக்கு.

கணக்குப் பிழைத்தது. 1987 மே மாதத்தில், குளோவர்டேல் நகரத்து ஆலையொன்றில் யந்திர வாள் ஆணியில் மோதிச் சிதறிற்று. தாடை நொறுங்கி வீழ்ந்தவர் 23 வயதுத் தொழிலாளி. முதலாளிக்கோ ஒரு கீறலும் இல்லை. ஆணியை அறைந்தவர் எவரென நிறுவப்படவில்லை. ஆயினும் பழி இயக்கத்தின்மீதே விழுந்தது. மறு ஆண்டில் ஆணியறைதலைக் கடுங்குற்றமாக்கும் சட்டம் வந்தது. காட்டை அழித்தவர்கள் தொழிலாளரின் காவலராக வேடம் புனைந்தனர்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் ஜூடி பாரி. தச்சுத் தொழிலும் தொழிற்சங்க அநுபவமும் உடைய அப்பெண்மணி, காட்டையும் கூலியாளையும் சுரண்டுவது ஒரே கை எனக் கண்டார். ஆலைத் தொழிலாளரை நாடிச் சென்றார். 1990இல் அவரும் அப்பகுதித் தோழர்களும் ஆணியறைதலைப் பகிரங்கமாகக் கைவிட்டனர். ஆனால் போராட்டத்தைக் கைவிட்டாரல்லர். பாதைகளை மறித்தனர், மரங்களின்மேற் குடியிருந்தனர், சிறை புகுந்தனர்.

அவ்வாண்டு மே 24ஆம் திகதி ஓக்லண்டில் அவரது காரிலே குண்டு வெடித்தது. இடுப்பெலும்பு நொறுங்கிக் கிடந்தவரையே பொலிசார் குண்டு வைத்தவரெனக் கைது செய்தனர். வழக்கு நிற்கவில்லை. 2002இல் அவருக்கும் உடனிருந்த தோழருக்கும் 44 இலட்சம் டொலர் நட்டஈடு தீர்ப்பாயிற்று. அதனைக் காண அவர் இல்லை. 1997இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிருந்தது.

1996இல் ஹெட்வாட்டர்ஸ் காட்டுக்காக ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு மேல் கைதாயினர். 1999இல் அக்காட்டின் ஏறக்குறைய 7,500 ஏக்கரை அரசு வாங்கிக் காத்தது. அழித்தவருக்கே பணமும் கிடைத்தது என்பது கசப்பான உண்மை. ஆயினும் மரங்கள் நிற்கின்றன.

சட்டத்தை மீறுவது மட்டுமே போராட்டத்தைக் கெடுத்துவிடாது. பாதை மறித்தவரும் சட்டத்தை மீறியவரே. அவர்கள் தம் உடலைப் பணயம் வைத்தனர். ஆணி அறைந்தவர் கூலியாளின் உடலைப் பணயம் வைத்தனர். எந்தத் தீவிரத்தையும் இந்த உரைகல்லிலே தேய்த்துப் பார்ப்போம்.