வேலை போனால் 6,000 வெள்ளி கிடைக்குமா? ஆளுக்கொரு ஆலோசனை, எதைக் கேட்பது?

"அரசாங்கம் 6,000 வெள்ளி தருதாம், உடனே விண்ணப்பம் போட்டுடு."

"அதெல்லாம் நமக்குக் கிடைக்காது. சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போ."

"கம்பெனி சொல்ற மாதிரி ராஜினாமா கடிதம் கொடுத்துடு, பேர் கெடாது."

"ஒரு மாசம் பொறு, அதுக்கு முன்னாடி ஒண்ணும் பண்ண முடியாது."

ஒருவருக்கு வேலை போய்விட்டது என்று தெரிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வது வழக்கம். வேடிக்கை என்னவென்றால், இவற்றில் பெரும்பாலானவை பொய் இல்லை. ஒன்று வேறு திட்டத்தைப் பற்றியதாக இருக்கும். இன்னொன்று வேறு ஆண்டைப் பற்றியது. சில சமயம் வேறு நாட்டைப் பற்றியதாகவே இருக்கும். ஆனால் அந்த நாலில் ஒன்றை அவசரப்பட்டுக் கேட்டால், கைக்கு வரவேண்டிய பல ஆயிரம் வெள்ளி வராமலே போய்விடும். அது எது என்பதைப் பிறகு பார்ப்போம்.

உங்களுக்கு இப்போது வேலை இருக்கலாம். ஆனால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிங்பாஸ் திறந்து படிவம் நிரப்பித் தருவது அநேகமாக நீங்கள்தானே? அதனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 6,000 வெள்ளி எங்கிருந்து வந்தது?

2024 ஆகஸ்ட்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தது இது. பெயர், ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம். 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. ஊழியரணி சிங்கப்பூர் அமைப்பு அதை நடத்துகிறது.

6,000 வெள்ளி என்றதும் மொத்தமாகக் கையில் வரும் என்று நினைக்க வேண்டாம். முதல் மாதம் 1,500, இரண்டாம் மாதம் 1,250, மூன்றாம் மாதம் 1,000, அதன்பின் மூன்று மாதங்களுக்குத் தலா 750 வெள்ளி. ஆறு மாதமும் சேர்த்தால்தான் 6,000. இடையில் வேலை கிடைத்துவிட்டால் அதோடு நின்றுவிடும். முன்பு வாங்கிய சராசரிச் சம்பளத்தைவிட அதிகமாகவும் கிடைக்காது. பகுதிநேர வேலையில் மாதம் 1,200 வெள்ளி சம்பாதித்தவருக்கு முதல் மாதம் 1,500 வராது. 1,200தான் உச்சம்.

யாருக்குக் கிடைக்கும்? 21 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு. நிரந்தரவாசிகளுக்கு 2026 முதல் காலாண்டிலிருந்து விரிவுபடுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. கடந்த 12 மாதங்களில் சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளியைத் தாண்டியிருக்கக் கூடாது. அந்த 12 மாதங்களில் குறைந்தது 6 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். வேலை போய் ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பு 31,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். வீவக வீட்டில் இருந்தால் இந்தக் கடைசி நிபந்தனைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் சிலருக்குக் கிடைக்காது. காரணம், இன்னொரு நிபந்தனை: வேலை உங்கள் விருப்பத்தால் போயிருக்கக் கூடாது.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கு?

ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்பட்டது, பணிநீக்கம், நோய் அல்லது காயம் காரணமாக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டது. இவைதான் "விருப்பமின்றி வேலை இழத்தல்" என்ற கணக்கில் வருபவை. சொந்தமாக ராஜினாமா செய்தது வராது.

இப்போது அந்த மூன்றாவது ஆலோசனைக்கு வருவோம்: "ராஜினாமா கடிதம் கொடுத்துடு, பேர் கெடாது."

சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். நம் பெற்றோர் தலைமுறைக்கு "வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க" என்பது அவமானம். "நானே விட்டுட்டேன்" என்பது மரியாதை. நிறுவனமும் அதையே இனிமையாகச் சொல்லலாம்: "நீங்களே எழுதிக் கொடுத்தா, அடுத்த வேலைக்குப் போகும்போது சுலபமா இருக்கும்."

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஒரு கிடங்கில் ஆறு ஆண்டு வேலை பார்த்தவர், மாதச் சம்பளம் 2,600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆட்குறைப்பு அனுகூலம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சிங்கப்பூரில் சட்டம் இல்லை. வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, நிறுவனத்தின் நிதிநிலை எப்படி என்பதைப் பொறுத்தது அது. ஆனால் இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரையிலான சம்பளம் கொடுப்பது நடைமுறை வழக்கம். குறைந்த கணக்கில் பார்த்தாலே ஆறு ஆண்டுக்குச் சுமார் 7,800 வெள்ளி. அதோடு வேலை தேடுவோர் ஆதரவாக 6,000 வரை. ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்? முதலாவதைக் கேட்க வழியில்லை. இரண்டாவதற்குத் தகுதியில்லை. ஒரு கையெழுத்துக்கு 13,800 வெள்ளி விலை.

பேர் கெடும் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. பணிநீக்கமும் அந்தத் தகுதிப் பட்டியலில் இருக்கிறது. அதாவது நீக்கப்பட்டவருக்குக் கதவு திறந்திருக்கிறது, மரியாதையாக விலகியவருக்கு மூடியிருக்கிறது. அநியாயம் மாதிரித் தெரியலாம். வேலையை விட வேண்டும் என்று தானே முடிவெடுத்தவருக்கும் பணம் போகக் கூடாது என்பதற்காகப் போடப்பட்ட கோடு அது. அழுத்தத்தில் கையெழுத்துப் போட்டவரும் அந்தக் கோட்டுக்கு வெளியே போய் நின்றுவிடுகிறார் என்பதுதான் சிக்கல்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. குறைந்தது 10 ஊழியர்கள் உள்ள நிறுவனம், ஒரே ஒருவரை ஆட்குறைப்பு செய்தாலும், ஊழியரிடம் சொன்ன 5 வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். ராஜினாமாவுக்கு அப்படி எதுவும் தேவையில்லை. "நீங்களே எழுதிக் கொடுங்க" என்று யாராவது சொன்னால், யாருக்குச் சுலபம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. "வீட்டில் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வரலாம்.

காத்திருக்கணுமா, ஓடணுமா?

குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். ஒருவர் "ஒரு மாசம் பொறு" என்கிறார். இன்னொருவர் "ஒரு மாசத்துக்குள்ள போ" என்கிறார். இருவருமே சரி!

வேலை தேடுவோர் ஆதரவுக்கு, வேலை இல்லாமல் ஒரு மாதம் கழிந்திருக்க வேண்டும். ஆனால் "என்னை நியாயமில்லாமல் நீக்கிட்டாங்க" என்று புகார் செய்ய, வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரே மாதம்தான் அவகாசம். வற்புறுத்தி ராஜினாமா வாங்கினார்கள் என்றாலும் இதே வழிதான். நீங்களாக விலகவில்லை என்று நிரூபிக்க முடிந்தால், வேலை நியமனச் சட்டத்தில் அது பணிநீக்கமாகவே கருதப்படும். புகாரை எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடம், சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணி. முதலில் சமரசம் பேசுவார்கள். அதில் முடியாவிட்டால் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றம். சம்பள பாக்கி மட்டும் என்றால் அவகாசம் அதிகம், கடைசி நாளிலிருந்து 6 மாதம்.

ஆக, முதல் ஆலோசனையைக் கேட்டு ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தால், இரண்டாவது கதவு அந்த நேரத்தில் சாத்தப்பட்டுவிடும். பிரச்சினை கடிதத்தில் இருந்தால் முதல் வாரத்திலேயே போங்கள். வாட்ஸ்அப் செய்தி, மின்னஞ்சல், "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று மேலாளர் அனுப்பிய ஒற்றை வரி, எதையும் அழிக்க வேண்டாம். அலுவலக மின்னஞ்சல் கணக்கு முடக்கப்படுவதற்கு முன் உங்களுக்குரிய சம்பளச் சீட்டுகளை எடுத்து வையுங்கள்.

10 புள்ளிகள், சும்மா கிடைக்காது

பணம் ஒவ்வொரு மாதமும் தானாக வந்து விழாது. மாதத்துக்கு 10 புள்ளிகள் சேர்க்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பிப்பது, வேலை ஆலோசகரைச் சந்திப்பது, பயிற்சி வகுப்புக்குப் போவது போன்றவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. சேர்க்காவிட்டால் அந்த மாதத் தொகை இல்லை.

இது தண்டனையா, உதவியா? அரசாங்கம் நீண்ட காலமாக வேலையின்மைக் கொடுப்பனவைத் தவிர்த்தே வந்தது. பணம் கிடைத்தால் வேலை தேடும் ஆர்வம் குறைந்துவிடும் என்பது அதன் கவலை. 2023 அக்டோபரில் வெளியான "முன்னேறும் சிங்கப்பூர்" அறிக்கைதான் மனமாற்றத்தைக் காட்டியது. மாதாமாதம் குறையும் தொகையும் இந்தப் புள்ளிகளும் அந்தப் பழைய கவலையின் மிச்சம் என்றே எனக்குப் படுகிறது. அதே சமயம், புள்ளி முயற்சிக்குத்தான். வேலை கிடைத்ததா இல்லையா என்பதற்கு அல்ல. 55 வயதில் நாற்பது இடத்துக்கு எழுதிப் போட்டு ஒரு பதிலும் வராதவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

இணையத்தில் வேலை தேடும் மொழி இன்னமும் ஆங்கிலம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். வேலையில் கெட்டிக்காரராக இருக்கும் ஒருவர் படிவத்தின் முன்னால் திணறலாம். அப்பாவுக்காக நீங்களே மொத்தத்தையும் தட்டிவிடுவதைவிட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவர்தான் செய்ய வேண்டியிருக்கும். திரையோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்றால், நேரில் போய்ப் பேச இ2ஐ மாதிரியான இடங்கள் இருக்கின்றன.

"எங்க மாமாவுக்கு 80 விழுக்காடு கொடுத்தாங்களே?"

மாமா ஜொகூரில் இருந்தால், அது உண்மைதான். மலேசியாவில் 2018 முதல் வேலைக் காப்புறுதி இருக்கிறது. ஊழியர் சம்பளத்தில் 0.2 விழுக்காடும் முதலாளியிடமிருந்து 0.2 விழுக்காடும் பெர்கெசோவுக்குப் போகிறது. வேலை போனால் முதல் மாதம், காப்புறுதி செய்யப்பட்ட சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறையும். விண்ணப்பிக்க 60 நாள் அவகாசம். அங்கே சந்தா கட்டியவருக்குக் காப்புறுதி, இங்கே யாரும் சந்தா கட்டுவதில்லை, அரசாங்க நிதி. இன்னொரு வித்தியாசம்: ஒழுங்கு மீறலுக்காக நீக்கப்பட்டவருக்கு மலேசியத் திட்டத்தில் பணம் இல்லை. "தூக்கிட்டாங்கன்னா ஒண்ணும் கிடைக்காது" என்ற பேச்சு எல்லை தாண்டி இங்கேயும் சுற்றுவதில் ஆச்சரியமில்லை.

"மாசம் 100 புள்ளி எடுக்கணும்" என்று ஒரு காணொளி பார்த்தீர்களா? அது ஆஸ்திரேலியா. அங்கே 2022 ஜூலையிலிருந்து அப்படியொரு முறை இருக்கிறது. நம்முடையது 10.

"சமூகச் சேவை அலுவலகத்தில் 800 வெள்ளி தந்தாங்க" என்று அண்ணன் சொன்னால், அவரும் பொய் சொல்லவில்லை. 2020ல் கொவிட்-19 ஆதரவு மானியம் மாதம் 800 வெள்ளி வரை, மூன்று மாதங்களுக்குக் கிடைத்தது. 2021ல் வந்த மீட்பு மானியத்தில் அது 700. இரண்டும் முடிந்துபோன கதை.

அப்படியென்றால் சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போவது வீணா?

இல்லை. வேலை தேடுவோர் ஆதரவு பார்ப்பது வேலை இழந்த அந்த ஒருவரை. சமூகச் சேவை அலுவலகம் வழங்கும் காம்கேர் உதவி பார்ப்பது முழுக் குடும்பத்தை: வருமானம், சேமிப்பு, எத்தனை பேர், என்ன செலவு. ராஜினாமா செய்துவிட்டவரும் அங்கே போகலாம், ஒரு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் அரிசிக்கும் மின்கட்டணத்துக்குமே திண்டாட்டம் என்றால் முதலில் அங்கேதான் போக வேண்டும். காம்கேர் அழைப்பு எண் 1800-222-0000. வேலை செய்யக்கூடிய நிலையில் இருப்பவர் வேலை தேட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கேயும் உண்டு. வேறு உதவி ஏதாவது கிடைக்கிறது என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தகுதி இருந்தும் இன்னொன்றை யோசிக்க வேண்டும். வேலை தேடுவோர் ஆதரவை ஒருமுறை பெற்றால், மறுபடியும் கேட்க மூன்று ஆண்டு ஆக வேண்டும். அடுத்த வேலை ஏறக்குறைய உறுதி, இரண்டு வாரத்தில் கையெழுத்து என்ற நிலையில் இருப்பவர், ஒரு மாதத் தொகைக்காக அந்த வாய்ப்பை இப்போதே பயன்படுத்த வேண்டுமா என்று கணக்குப் பார்க்கலாம். கையில் எதுவும் இல்லை, ஆட்குறைப்புக் கடிதம் மட்டும் இருக்கிறது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு மாதம் முடிந்த மறுநாளே விண்ணப்பியுங்கள்.