கீழ்வேளூரில் யாருக்கு இலை போட்டார்கள்?

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகிறவர் கீழ்வேளூரில் இறங்கி, கண்ணில் பட்ட கடையில் உட்கார்ந்து, என்ன இருக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். இன்று இதில் வியப்பொன்றுமில்லை. சோற்றுக்குப் பேர்போன சோழநாட்டில் இது காலங்காலமாக நடந்து வருவதுதானே என்று தோன்றும். ஆனால் காசைக் கொடுத்து, ஜாதியைச் சொல்லாமல், ஊர்க்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து உண்பது டெல்டாவில் மிகப் புதிய வழக்கம். அதற்கு வயது நூறுகூட இல்லை.

சத்திரங்கள் இருந்தனவே என்பார்கள். இருந்தன. ராமேசுவரம் போகும் வழியெங்கும் தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிவைத்தார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி 1802-ல் எழுப்பியது. அதற்கு முந்தின வருஷம் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் டோரினுக்கு எழுதிய கடிதத்தில், எல்லா ஜாதி வழிப்போக்கருக்கும் சத்திரங்களில் சோறு உண்டு என்று பெருமையோடு சொல்கிறார் சரபோஜி. வெந்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியாகவே அளந்து கொடுப்பதும் அதில் வருகிறது. எனக்கு அந்த இரண்டாவது செய்திதான் முக்கியம். பசிக்குச் சோறு எல்லாருக்கும் உண்டு. அடுப்பு மட்டும் பொதுவில்லை. தவிர, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா? இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் காசு கொடுப்பவனுக்குத்தான் வரும்.

அந்தக் காசுச் சோற்றுக்கு வழி திறந்தது ரயில். நாகப்பட்டினம் – தஞ்சாவூர் பாதை 1861-ல் ஓடத் தொடங்கியது. கீழ்வேளூர் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. பின்னால் காபி கிளப்புகள் வந்தன, கூடவே ‘பிராமணாள்’ என்ற பலகையும் வந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கென்று இருந்த தனியிடம் 1941-ல்தான் ஒழிந்தது, அதுவும் பெரியார் விடாமல் போராடிய பிறகு. உணவு விடுதிக்குள் எவரையும் தடுக்கக்கூடாது என்று அரசியல் சாசனம் சொன்னது. தடுத்தால் தண்டனை என்றது 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைச் சட்டம். சட்டம் போட்டதும் பெஞ்சு பொதுவாகிவிட்டதா? டீக்கடையில் சிலருக்குத் தனி கிளாஸ் வெளியே தொங்கியதைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பிறகும் வெகுநாள் பார்த்தன. கீழத்தஞ்சையில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் 1940-களில் கட்டிய விவசாயிகள் சங்கம், பண்ணையாட்களுக்கு விழுந்த சவுக்கடிக்கும் அவர்களைக் குடிக்கவைத்த சாணிப்பாலுக்கும் எதிராகவே முதலில் நிற்க வேண்டியிருந்தது. கீழ்வேளூர் வட்டத்து வெண்மணியில், கூலித் தகராறு முற்றி, தலித் உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டது 1968 டிசம்பர் 25-ல். நெல்லை அளந்து வாங்குவதற்கே உயிர் போன ஊர்ப்பக்கத்தில், சரிசமமாக உட்கார்ந்து டீ குடிப்பதைச் சின்ன விஷயம் என்று எப்படித் தள்ளுவது?

நாகூரைச் சொல்லி என்னை மறுக்கலாம். தர்காவுக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். மேலே இறால் பதித்துச் சுடும் ‘வாடா’ என்ற பலகாரத்தைத் தெருவில் நின்றே தின்கிறார்கள். நியாயமான மறுப்புத்தான். யாத்திரைத் தலத்தில் கட்டுகள் தளரும். ஆனால் நின்றுகொண்டு தின்பது வேறு, உட்கார்ந்து இலை போடச் சொல்வது வேறு. பந்தி என்று வந்தால்தான் யார் பக்கத்தில் யார் என்ற கேள்வி எழும்.

பெஞ்சு பொதுவானதும் ஊர்ச் சாப்பாடு கடைக்கு வந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். கடை தந்தது இட்லி, சாம்பார், காபி. நடவு நட்டவர்கள் சாப்பிட்ட நீராகாரம், நத்தை, வயல் நண்டு ஆகியவை சேரி அடுப்போடு நின்றன. பயணி ‘உள்ளூர் ருசி’ என்று கொண்டாடுவதில் பெரும்பகுதி, கடை வைக்க முடிந்தவர்களின் ருசிதான். வயல் நண்டு ரசம் வேண்டுமென்றால் இப்போதும் பெரும்பாலும் யாராவது வீட்டில் கூப்பிட வேண்டும்.