இரவல் குரல்

எங்கள் பக்கத்து வீட்டில் பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை குக்கர் சீட்டி அடிக்கக் கூடாது. மின்விசிறி சுழலக் கூடாது. வாசல் மணியை அழுத்துகிறவன் மகாபாவி. அந்த வேளையில் அந்த வீட்டுப் பெண், பட்டுப் புடவைகள் தொங்கும் அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, யாரோ ஒரு முதலாளியின் தேங்காய் எண்ணெயைப் பற்றி மைக்கில் பேசிக்கொண்டிருப்பாள். புடவைகள் எதிரொலியை விழுங்கிவிடுமாம்.

சென்ற மாதம் அவள் என்னிடம் வந்தாள். "மாமா, நீங்கள் கதை எழுதுகிறவர். என் குரலைப் பற்றி நூறு வார்த்தை எழுதிக் கொடுங்கள். இன்டர்நெட்டில் போட வேண்டும். கூடவே ஒரு நிமிஷம் பேசிக் காட்டி, அதையும் மாதிரிக்குப் போடப் போகிறேன்" என்றாள். கதாநாயகிகளின் குரலைத் தேன் என்றும் வீணை என்றும் எழுதியே காலம் தள்ளிய எனக்கு, விலைக்கு வரும் ஒரு குரலை வர்ணிக்க வார்த்தை அகப்படவில்லை. மற்றவர்கள் இந்தக் கடையை எப்படி விரித்தார்கள், பார்ப்போம் என்று பழைய சங்கதிகளைப் புரட்டத் தொடங்கினேன்.

குரல் கொடுத்துப் பிழைத்தவர்களுக்கு ஆதியில் கிடைக்காமல் போனது பணம்கூட அல்ல, பெயர். 1937-இல் வால்ட் டிஸ்னியின் 'ஸ்நோ ஒயிட்' வெளிவந்தபோது, அந்த ராஜகுமாரிக்குக் குரல் கொடுத்த அட்ரியானா காஸெலோட்டியின் பெயர் திரையில் இல்லை. 1956-இல் 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபோரா கெர்ருக்காகப் பாடியவர் மார்னி நிக்ஸன். சங்கதி வெளியே தெரிந்தால் இந்த ஊரில் உனக்கு வேலையே கிடைக்காது என்று தம்மை மிரட்டினார்கள் எனப் பிற்காலத்தில் அவர் சொன்னார். நகையை இரவல் வாங்கியவர்கள், கொடுத்தவளைப் பார்த்து வாயைப் பொத்து என்றார்கள்! ஆனால் அந்த ரகசியத்தை உடைத்து நிக்ஸனுக்குப் பெருமை சேர்த்தவர் டெபோரா கெர்ரேதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவர்களுக்குள் சாமர்த்தியசாலி மெல் பிளாங்க். பக்ஸ் பன்னி என்ற முயல் பேசியது அவர் குரலில். 1940-களில் அவர் சம்பள உயர்வு கேட்டார். முதலாளி கையை விரித்தார். "சரி, காசு வேண்டாம், படத்தில் என் பெயரைப் போடுங்கள்" என்று கேட்டாராம். செலவில்லாத வரம் அல்லவா, முதலாளி உடனே கொடுத்துவிட்டார். பெயரைப் பார்த்த ரேடியோக்காரர்கள் பிளாங்கைத் தேடி வந்தார்கள். 1946-இல் அவர் பெயரிலேயே ஒரு ரேடியோ நிகழ்ச்சி நடந்தது. விளம்பரம் என்பதன் சூட்சுமத்தை அந்த மனிதர் எந்தக் கல்லூரியில் கற்றார் என்று தெரியவில்லை.

எல்லாருக்கும் முயல் அகப்படுமா? மற்றவர்கள் தங்கள் குரலை நாடாவிலும், பிறகு கேசட்டிலும் பதித்துத் தபாலில் அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். இன்டர்நெட் வந்ததும் அந்தக் காத்திருப்புப் போயிற்று. 2010-இல் தொடங்கிய ஃபைவர் என்ற சந்தையின் பெயரிலேயே ஐந்து டாலர் ஒளிந்திருக்கிறது. ஆரம்பத்தில் அங்கே வேலைக்கு விலை அதுதான். பெயர், படம், மாதிரி, விலை எல்லாம் போட்டு யாரும் கடை விரிக்கலாம். நிக்ஸனின் வாயைப் பொத்தியவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும்!

இங்கேதான் கதை திரும்புகிறது.

அட்லாண்டா நகரத்தில் சூஸன் பென்னட் என்று ஓர் அம்மையார். 1974-இல் ஒரு வங்கியின் பணம் கொடுக்கும் இயந்திரத்துக்காக விளம்பரப் பாட்டுப் பாடியவர். 2005 ஜூலை மாதம் முழுவதும், தினம் நான்கு மணி நேரம், தம் வீட்டு ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து அர்த்தமே இல்லாத வாக்கியங்களைப் படித்தார். எந்த ஒலிக்குப் பக்கத்தில் எந்த ஒலி வந்தாலும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக அப்படி. ஏதோ டெலிபோனில் பதில் சொல்லும் இயந்திரத்துக்கு என்று நினைத்துக்கொண்டு, மணிக் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு, மறந்தும் போனார். 2011 அக்டோபரில் ஐபோனில் 'சிரி' பேசத் தொடங்கியது. சக கலைஞர் ஒருவர், "இது நீங்கள்தானே?" என்று கேட்டு எழுதினார். போட்டுக் கேட்டார். அவரேதான்!

அந்த அம்மையார் அதை ஊருக்குச் சொல்ல இரண்டு வருஷம் யோசித்தார். சொன்னால் வழக்கு வருமோ, வேறு வேலை வராமல் போகுமோ என்ற கவலை. 2013-இல் சி.என்.என். தொலைக்காட்சியில் சொன்னார். குரல் நிபுணர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்து ஆமாம் என்றார். ஆப்பிள் கம்பெனி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு மேடைப் பேச்சுக்கு அவரை அழைத்தார்கள். எழுபது வருஷத்துக்கு முன் பிளாங்க் கேட்டு வாங்கியதை இவர் தாமே எடுத்துக்கொண்டார்.

பென்னட்டாவது ஒரு மாதம் தொண்டை வறளப் படித்தார். நியூயார்க்கில் லேர்மன், ஸேஜ் என்ற நடிகத் தம்பதிக்கு அவ்வளவும் தேவைப்படவில்லை. ஃபைவர் சந்தையில் யாரோ முகம் தெரியாதவர்கள் இருவரிடமும் தனித் தனியே குரல் கேட்டு வாங்கினார்கள். அவருக்கு 1,200 டாலர், இவளுக்கு 400 டாலர். ஆராய்ச்சிக்குத்தான், வேறெதற்கும் அல்ல என்று லேர்மனிடம் சொன்னார்களாம். 2023-இல் காரில் போய்க்கொண்டே, செயற்கை நுண்ணறிவால் நடிகர்களுக்கு வரும் ஆபத்தைப் பற்றிய ஒரு பேட்டியைக் கேட்டார்கள். அதில் பதில் சொன்ன இயந்திரம் லேர்மனின் குரலில் பேசியது! 2024-இல் லோவோ என்ற கம்பெனிமீது வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலையில் நீதிபதி சில கோரிக்கைகளைத் தள்ளி, சிலவற்றை நடக்கவிட்டார். ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமை உண்டு. அதைப் போலவே பேசும் புதுக் குரல்வரைக்கும் அந்த உரிமை நீளாது என்றார். ஒப்பந்தத்தை மீறியது பற்றியும், நியூயார்க் சட்டப்படி ஒருவர் குரலை அனுமதியின்றி வியாபாரத்துக்குப் பயன்படுத்தியது பற்றியும் தொடர்ந்து வாதாடலாம் என்றார்.

இதையெல்லாம் படித்துவிட்டு நூறு வார்த்தையை எப்படி எழுதுவது? விளம்பரத்துக்காக வாசலில் வைக்கும் மாதிரியையே அள்ளிக்கொண்டு போகிற காலத்தில், "வாருங்கள், கேளுங்கள்" என்று நானே தண்டோராப் போடுவதா? போடாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வேலை ஏது? இரண்டு நாள் ஒத்திப்போட்டேன். மூன்றாம் நாள் அவளே வந்துவிட்டாள். லேர்மன் கதையைச் சொன்னேன்.

"தெரியும் மாமா. எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்" என்றாள். "மாதிரி போடாதவளை யார் கூப்பிடுவார்கள்?"

எழுதிக் கொடுத்தேன். தேனும் இல்லை, வீணையும் இல்லை. மறுநாள் அவள் போட்டதைத் திறந்து பார்த்தேன். மாதிரி ஒரு நிமிஷம் இல்லை. இருபது வினாடிதான் இருந்தது. அதிலும் பாதிக்கு அடியில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது.