ஊர்ப்பெயரே செடிப் பட்டியல்

கும்மிடிப்பூண்டி பக்கம் புதுசா வீடு கட்டினவங்க, மீதி இடத்தில் என்ன நடலாம்னு கேட்கிறாங்க. நர்சரிக்குப் போவதற்கு முன், திருவள்ளூர் மாவட்ட ஊர்ப்பெயர்களைப் படிக்கச் சொல்வேன்.

திருவாலங்காட்டில் ஆல். திருவேற்காட்டில் வெள்வேல். திருப்பாசூரில் மூங்கில். திருமுல்லைவாயிலில் முல்லை. நான்குமே தேவாரப் பாடல் பெற்ற தலங்கள். அதாவது, பெயர்களுக்கு 1,000 வருஷத்துக்கு மேல் வயசு. பழவேற்காட்டுக்கும் வேல மரக்காடு என்றே பொருள் சொல்கிறார்கள்.

இன்று அங்கெல்லாம் அதிகம் கண்ணில் படுவது சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரம். 1877 வாக்கில் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில் விதைத்தார்கள். விறகுக்காக வந்த மரம், நம்ம மரத்தின் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

சிக்கல் இங்கேதான். மனையைச் சுத்தம் செய்ய வரும் ஜேசிபிக்கு எல்லாமே முள்மரம். பூவைப் பாருங்கள். வெள்வேல், கருவேலம் இரண்டிலும் பூ சின்ன உருண்டை. சீமைக்கருவேலத்தில் நீளக் கதிர். உருண்டைப் பூ என்றால் வெட்டாமல் விடுங்கள். நடாமலே கிடைத்த நாட்டு மரம் அது.

அரை கிரவுண்டில் ஆல் வேண்டாம், வேர் சுவரைப் பிளக்கும். வேலியில் முல்லை ஏறட்டும். ஓரமாக ஒரு கறிவேப்பிலை, தானாக முளைத்த எருக்கு. இரண்டிலும் பட்டாம்பூச்சி முட்டையிடும். புழு இலையைத் தின்னும்போது மருந்து அடிக்காதீங்க. அந்தச் செடியை வைத்ததே அதுக்குத்தான்.